வாசகர் கேள்வி பதில்: சபைக்கு வெளியே நண்பர்கள்

கேள்வி: அக்கா, நாங்கள் சிங்கப்பூரில், செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். ஞாயிறு ஆராதனை, புதன் ஜெபக்கூட்டம், வெள்ளி செல் குரூப் (சபையின் சிறு குழுக் கூட்டம்), சனிக்கிழமை பாடகர் குழு என்று வாரம் ஓடிவிடுகிறது. பழகுகிறவர்கள் எல்லாரும் சபைக்காரர்கள்தான். பக்கத்து வீட்டில் தமிழ் இந்துக் குடும்பம், எதிர் வீட்டில் மலாய்க்காரர்கள். மின்தூக்கியில் பார்த்தால் சிரிப்போம், அதோடு சரி. அவர்களோடு பழக ஆசையாக இருக்கிறது. ஆனால் பழகினால் சுவிசேஷம் சொல்லியே ஆக வேண்டுமா, தீபாவளிப் பலகாரம் தந்தால் வாங்கலாமா என்று ஒரே குழப்பம்.
- செங்காங் வாசகி

பதில்: முதலில் உங்கள் வாரத்தைப் பாருங்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நான்கு நாள் சபைக்கே போய்விடுகிறது, மிச்ச நாளில் வேலை, பிள்ளைகளின் துணைப்பாடம், துணி துவைப்பது. பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் கதவைத் தட்டினால்கூட நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையாவது செல் குரூப்பை விட்டுவிட்டு வீட்டில் இருங்கள், தலைவரிடம் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். விசுவாசத்தில் பின்வாங்கிப் போகிறீர்களோ என்று யாராவது கவலைப்பட்டால், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் காட்டுங்கள். 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் கிறிஸ்தவர்கள் 18.9 விழுக்காடு. அதாவது ஐந்தில் நான்கு பேர் நம் சபைகளுக்கு வெளியே இருக்கிறார்கள். 1989-லிருந்து வீவக புளோக்குகளில் எல்லா இனத்தாரும் கலந்து வாழ இன ஒதுக்கீடு நடப்பில் இருப்பதால், அந்த நான்கு பேரும் நம் மாடியிலேயே குடியிருக்கிறார்கள். இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை ஊர்க் கிறிஸ்தவர்களுக்குக் கிடைக்கும்!

எப்படித் தொடங்குவது? நம்மவர்கள் எப்போதும் கொடுப்பதில்தான் தொடங்குவார்கள், கேக் கொடுப்பது, சபை நிகழ்ச்சிக்கு அழைப்பிதழ் கொடுப்பது என்று. நீங்கள் கேட்பதில் தொடங்குங்கள். யோவான் 4-ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் பேசிய பேச்சே, குடிக்கத் தண்ணீர் கேட்டதுதானே? பக்கத்து வீட்டு அக்கா தாழ்வாரத்தில் கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தால் இரண்டு கொத்து கேளுங்கள். ஊருக்குப் போகும்போது வருகிற பார்சலை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். நம்மிடம் ஒரு உதவி கேட்டு வந்தவரிடம் நாமும் கூச்சமில்லாமல் கேட்போம் இல்லையா, அதுபோலத்தான் அவர்களும். எப்போதும் கொடுக்கிற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தால் எதிரில் இருப்பவருக்கு ஒரு சங்கடம் வந்துவிடும், இவர் எதற்கு இவ்வளவு செய்கிறார் என்று.

அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. ஆளைச் சபைக்குக் கொண்டுவரத்தான் பழகுகிறோம் என்றால் அது அவர்களுக்குத் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு வலிக்கும். "அவர் கடைசிவரை கிறிஸ்தவராகாவிட்டாலும் அவரோடு பழகுவேனா?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆமாம் என்று மனதார வந்தால் தைரியமாகப் பழகுங்கள். அதற்காக விசுவாசத்தை மறைக்கவும் வேண்டாம். பிள்ளைக்குப் பரீட்சை என்று அவர் கவலைப்பட்டால், "நான் ஜெபம் பண்ணிக்கிறேன்கா" என்று நீங்கள் சொல்வது இயல்பான பேச்சு. அவராகக் கேட்டால் இயேசு உங்களுக்கு யார் என்பதை முழு மனதோடு சொல்லுங்கள், அவர் கும்பிடும் சாமியைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தரக்குறைவாகப் பேசாமல். இங்கே சமய நல்லிணக்கச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் வாயே திறப்பதில்லை. 1990-ல் நிறைவேறிய அந்தச் சட்டம் சமயங்களுக்கிடையே பகையை மூட்டுவது போன்றவற்றைத்தான் தடுக்கிறது. நண்பர் கேட்டதற்கு நாம் பதில் சொல்வதை அது தடுக்கவில்லை.

பலகாரத்துக்கு வருகிறேன். விசுவாசி அல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்துப் போக மனமிருந்தால், வைத்ததை எதையும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்று பவுல் 1 கொரிந்தியர் 10-ல் எழுதியிருக்கிறார். இது சாமிக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் அப்போது வேண்டாம் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார். ஆகவே முறுக்கும் அதிரசமும் வந்தால் இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிடுங்கள், நன்றாக இருந்தால் பக்குவம் கேளுங்கள். கோயில் பிரசாதம் என்று சொல்லித் தந்தால், "அக்கா, தப்பா நினைக்காதீங்க, படைச்சதை நாங்க சாப்பிடுறதில்ல, ஆனா நீங்க நினைச்சு எடுத்து வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். சிரித்துக்கொண்டே வாங்கி, கதவைச் சாத்தியதும் குப்பையில் போடுகிற வீடுகள் நம்மில் இருக்கின்றன, எனக்கு அது பெரிய பாவமாகவே படுகிறது.

திருப்பிக் கொடுக்கும்போது கொஞ்சம் யோசித்துக் கொடுங்கள். கிறிஸ்துமஸ் கேக்கில் ரம் ஊற்றியிருந்தால் மலாய் வீட்டுக்கு அது ஆகாது. ஹலால் முத்திரை போட்ட கடைக் கேக்கோ பழங்களோ கொடுப்பது நல்லது. புரட்டாசியில் பிரியாணி அனுப்பாதீர்கள், அந்த மாதம் முழுக்க சைவம் சாப்பிடுகிற இந்து வீடுகள் நிறைய. அப்புறம், புளோக் கீழ்த்தளத்தில் சீனர் வீட்டுச் சாவு என்றால் சுற்றிக்கொண்டு போகாமல் உள்ளே போங்கள். ஊதுபத்தி பிடிக்க மனசாட்சி இடம் தராவிட்டால் தலைகுனிந்து நின்று, அந்த வீட்டாரிடம் இரண்டு வார்த்தை பேசி, அவர்கள் வைக்கிற நிலக்கடலையையும் பாக்கெட் பானத்தையும் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். துக்க வீட்டில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதை மனிதர்கள் எளிதில் மறப்பதில்லை.

கேள்வி: நான் இந்து. தேசிய சேவையில் (இளைஞர்களுக்கான கட்டாயப் பணி) பழக்கமான கிறிஸ்தவ நண்பன் ஒருவன், எப்போது பேசினாலும் சபைக்குக் கூப்பிடுகிறான். நல்ல பையன், விட மனசில்லை. என்ன செய்வது?
- ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: சாக்குச் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள் தம்பி, அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிடுவார். கோப்பிக்கடையில் உட்கார்ந்து ஒரே முறை தெளிவாகச் சொல்லுங்கள்: "எனக்கு சபைக்கு வர விருப்பமில்லடா, ஆனா உன்னோட பழகணும்." அவர் கூப்பிடுவது பாசத்தால்தான் இருக்கும், தனக்குப் பிடித்ததை உங்களுக்கும் காட்ட நினைக்கிறார். சொன்ன பிறகும் விடாமல் கூப்பிட்டால், மேலே செங்காங் வாசகிக்கு எழுதியதை அவருக்கு அனுப்பி வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் தட்டாதீர்கள். வீட்டு விருந்தா, சபை நிகழ்ச்சியா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.