30,000 ரூபாய்க்குள் முதல் டிஎஸ்எல்ஆர்: புதிய 1500டியா, பழைய 700டியா?

கேள்வி இதுதான்: கல்லூரி இரண்டாம் ஆண்டு, கையில் இருப்பது 30,000 ரூபாய். வீட்டு விசேஷம், ஊர்த் திருவிழா எடுக்க வேண்டும், முடிந்தால் பறவைகளும். புதிய கேனான் 1500டி வாங்கலாமா, செகண்ட் ஹேண்டில் 700டி அல்லது நிக்கான் டி3500 பார்க்கலாமா, இல்லை பேசாமல் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகைக் கேமரா) காசு சேர்க்கலாமா?

செகண்ட் ஹேண்டில் ஒரு பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) வாங்குங்கள். மிச்சமாகிற காசில் ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்கள். பாடி 700டியாக இருந்தாலும் சரி, டி3500ஆக இருந்தாலும் சரி, நல்ல நிலையில் எது முதலில் கைக்கு வருகிறதோ அது. புதிய 1500டி உங்கள் காசு முழுவதையும் தின்றுவிடும். லென்ஸுக்கு ஒரு பைசா மிஞ்சாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2015இல் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் போட்டு ஒரு பழைய நிக்கான் டி3200 வாங்கினேன். கூட வந்தது, பாடியோடு சேர்த்தே விற்கிற 18-55 கிட் லென்ஸ். அடுத்த மாதமே அக்கா கல்யாணம். மண்டபத்தில் ட்யூப் லைட் வெளிச்சம்தான். வீடியோக்காரர் தன் விளக்கை அவருக்கு வேண்டிய பக்கம் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை தாலி கட்டும்போது நான் 55இல் ஸூம் செய்து விடாமல் அழுத்தினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முகங்கள் பரவாயில்லை, கைகள் எல்லாம் புகை மாதிரி. ஷட்டர் ஸ்பீடைப் பார்த்தேன்: 1/15 நொடி.

கணக்கு எளிது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். கிட் லென்ஸ் 55 எம்எம்மில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 லென்ஸ் அதே இடத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அன்று எனக்குக் கிடைத்த 1/15, அதே ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறன்) 1/150 பக்கம் வந்திருக்கும். கட்டுகிற கை நின்றிருக்கும். பாடியை மாற்றி இந்தப் பத்து மடங்கை வாங்க வேண்டுமென்றால் எவ்வளவு ஆகும் என்று விலைப் பட்டியலைப் பாருங்கள், தலை சுற்றும்.

அதனால் கல்யாணம் முடிந்த கையோடு 50 எம்எம் தேடினேன். அங்கேயும் ஒரு கோட்டை விட்டேன். 1.8ஜி, 1.8டி என்று இரண்டு இருந்தன. டி விலை குறைவு. எழுத்துதானே வித்தியாசம் என்று அதையே வாங்கி வந்து மாட்டினேன். பட்டனைப் பாதி அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. திரையில் எஃப்ஈஈ என்று ஏதோ மின்னுகிறது. லென்ஸ் செத்துப்போய்விட்டது என்று முடிவு கட்டி, தெருமுனை ஸ்டுடியோ அண்ணனிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவர் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டினார். "இந்தப் பள்ளம் தெரியுதா தம்பி? ஸ்க்ரூ டிரைவர் நுழையிற மாதிரி இருக்குல்ல? பாடியிலேர்ந்து ஒரு ஸ்க்ரூ வந்து இதைத் திருப்பணும். உன் பாடியில அந்த மோட்டாரே கிடையாது."

"அப்போ ஃபோகஸ்?"

"கையால திருப்பு. நாங்கல்லாம் திருப்பலையா?"

எஃப்ஈஈக்கு வைத்தியம் லென்ஸில் இருக்கிற அபெர்ச்சர் (திறப்பு) வளையத்தை 22இல் திருப்பிப் பூட்டுவது. அதை அவர் இரண்டு நொடியில் செய்துவிட்டார். மோட்டாருக்கு வைத்தியம் இல்லை. நிக்கானில் டி3000, டி5000 வரிசைப் பாடிகள் எதிலும் அந்த மோட்டார் கிடையாது. நீங்கள் சொல்லும் டி3500உம் அப்படித்தான். டி7000 வரிசையில் உண்டு. ஆகவே நிக்கான் பக்கம் போனால் பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிற லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். ஏஎஃப்-பி என்று இன்னொரு வகை இருக்கிறது. டி3500இல் அது அருமையாக ஓடும். என்னுடைய டி3200 மாதிரிப் பழைய பாடியில் ஃபோகஸே ஆகாது. கேனானில் இந்தத் தலைவலி இல்லை. 1987இல் ஈஓஎஸ் வந்த நாளிலிருந்து மோட்டார் லென்ஸுக்குள்தான் இருக்கிறது. முதல் கேமரா வாங்குகிறவர்களுக்கு நான் கேனானை ஓர் இழை தூக்கிப் பேசுவதற்கு இதுதான் காரணம். படத்தின் தரத்தில் இரண்டுக்கும் நடுவே சண்டை போட ஒன்றுமில்லை.

மெகாபிக்ஸல் பற்றிக் கவலை வேண்டாம். 700டி 18, மற்ற இரண்டும் 24. கேட்டால் பெரிய இடைவெளி மாதிரி இருக்கும். ஆனால் படத்தின் அகலத்தில் 5184 புள்ளி, 6000 புள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம். கல்யாண ஆல்பத்தின் 12க்கு 18 அங்குலப் பக்கம் முழுக்க ஒரே படம் போட்டாலும், 18 மெகாபிக்ஸலில் அங்குலத்துக்கு 288 புள்ளி கிடைக்கிறது. ஆல்பத்தைக் கையில் வைத்துப் புரட்டுகிற எந்த மாமாவும் அதைக் குறை சொல்லப்போவதில்லை.

50 எம்எம் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தப் பாடிகளின் சென்சார் (படத்தைப் பதிகிற சில்லு) சிறியது. கேனானில் 50 போட்டால் 80 மாதிரி நெருக்கமாகத் தெரியும், நிக்கானில் 75. மண்டபத்தில் அது வரம். வீட்டு ஹாலில் குடும்பத்தையே நிற்க வைத்து எடுக்கப்போனால் பின்னாடி நகர்ந்து நகர்ந்து பீரோவில் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். அதற்குக் கிட் லென்ஸை 18இல் வைத்துக்கொள்ளுங்கள். நிக்கான் வாங்கினால் 50க்குப் பதில் 35 எம்எம் 1.8ஜி பாருங்கள், வீட்டுக்கும் ஒத்துப்போகும்.

இனி பழைய கேமராவைக் கையில் வாங்கிப் பார்ப்பது எப்படி என்பது. இதில் அவசரமே கூடாது. பகலில் போங்கள், உங்கள் மெமரி கார்டையே கொண்டு போங்கள்.

முதலில் லென்ஸ். கழற்றி, பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சை அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். நாலு தூசி இருந்தால் விட்டுவிடலாம், படத்தில் வராது. சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் ஓரத்திலிருந்து உள்ளே கிளை விட்டிருந்தால் அது ஃபங்கஸ். விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். சுத்தம் செய்தாலும் கண்ணாடியின் பூச்சை அது தின்றிருக்கும். நான் நாகப்பட்டினத்துக்காரன். கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பையிலேயே கிடந்த லென்ஸ் என்ன ஆகும் என்று வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

அடுத்து சென்சார். எஃப் 22 வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் சாம்பல் நிறப் பொட்டுகள் தெரியும். வட்டப் பொட்டு பெரும்பாலும் தூசி, துடைத்தால் போகும். கோடு மாதிரி நீளமாக இருந்தால் கீறலாக இருக்கலாம். யாரோ சட்டைத் துணியால் துடைத்திருப்பார்கள். அதை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஷட்டர் கவுண்ட், அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கணக்கைக் கேளுங்கள். நிக்கானில் எடுத்த படத்தின் ஃபைலிலேயே அது பதிந்திருக்கும், மொபைலில் பார்க்க வழி இருக்கிறது. கேனானின் இந்த வகைப் பாடிகளில் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கம்ப்யூட்டரில் கேபிள் போட்டு, அதற்கான சாஃப்ட்வேர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். விற்பவர் "பத்தாயிரம்தான் ஓடியிருக்கு" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். அதைவிட நல்ல சாட்சி கேமராவின் தலையில் இருக்கிறது. ஃபிளாஷ் மாட்டுகிற ஹாட் ஷூ இருக்கிறதே, அதன் கறுப்புப் பெயிண்ட் தேய்ந்து வெள்ளி பல்லிளித்தால், அந்தக் கேமரா ஊரில் உள்ள அத்தனை முகூர்த்தத்தையும் பார்த்துவிட்டது என்று அர்த்தம். வீட்டு உபயோகம் என்று சொல்லி விற்கிற கேமராவில் அந்தத் தேய்மானம் இருக்க நியாயமில்லை.

ஹாட் ஷூ என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மனசு கேட்காமல் 1500டியோ 200டி மார்க் 2ஓ வாங்கப்போனால், அந்த இடத்தின் நடுவில் வட்டமான உலோகப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பாடியில், குறைந்த விலைக்குக் கிடைக்கும் சாதாரண ஃபிளாஷும், ஃபிளாஷைத் தூரத்திலிருந்து அடிக்க வைக்கும் டிரிகரும் வேலை செய்யாது. 3000டி பக்கம் போகவே வேண்டாம். லென்ஸ் மாட்டுகிற வளையமே பிளாஸ்டிக்.

வியூஃபைண்டரில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தால் கேமரா பழுது என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். கண்ணாடி போடுகிறவர்களுக்காக வைத்தது. பழைய சொந்தக்காரரின் பவருக்குத் திருப்பி வைத்திருப்பார். உங்கள் கண்ணுக்குத் திருப்பிக்கொள்ளுங்கள்.

பறவை ஆசைக்கு வருகிறேன். கிட் லென்ஸில் நடக்காது. கோடியக்கரைக்கு டி3200ஐத் தூக்கிக்கொண்டு போனபோது, நூற்றுக்கணக்கில் பூநாரைகள் நின்றன. என் படத்தில் அவை தண்ணீர் விளிம்பில் ஒரு ரோஸ் கோடு. கேனானில் 55-250 எஸ்டிஎம் ஸூம் லென்ஸ் பழையது கிடைத்தால் ஆரம்பத்துக்குப் போதும். அதையும் இப்போதே இந்த 30,000க்குள் திணிக்கப் பார்க்காதீர்கள். ஒரு வருடம் கழித்தும் பறவை ஆசை இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். வேடந்தாங்கல் மாதிரி மரத்தில் கூடு கட்டுகிற இடங்களில் அது ஓரளவு எட்டும். கோடியக்கரை உப்பளத்தில் 250உம் திணறும்தான்.

மிரர்லெஸ்தான் எதிர்காலம் என்று உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மை. கேனானும் நிக்கானும் புதிய டிஎஸ்எல்ஆர் மாடல்கள் கொண்டுவருவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அதனால்தானே நல்ல நல்ல பாடிகளும் லென்ஸ்களும் நம் விலைக்கு இறங்கியிருக்கின்றன. நாளைக்கு நீங்கள் கேனானின் மிரர்லெஸ் ஆர் வரிசைக்கு மாறினாலும், ஓர் அடாப்டர் போட்டால் இதே 50 எம்எம் ஃபோகஸோடு வேலை செய்யும். பேட்டரியிலும் டிஎஸ்எல்ஆருக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. டி3500க்கு ஒரு சார்ஜில் 1,550 படம் என்று கணக்குச் சொல்கிறார்கள். தேரோட்டத்துக்குக் காலையில் போய் ராத்திரி திரும்பலாம். வீடியோதான் முக்கியம் என்றால் மட்டும் என் பதில் மாறும். திரையைப் பார்த்து எடுக்கும்போது 1500டி, 700டி, டி3500 மூன்றுமே ஃபோகஸுக்குத் தடவும். அப்போது பழைய 200டி தேடுங்கள்.

விலை ஊருக்கு ஊர் மாறும், அதனால் பங்கீட்டை மட்டும் சொல்கிறேன். பாடியும் கிட் லென்ஸும் சேர்ந்து 20,000ஐத் தாண்ட வேண்டாம். 50 எம்எம்முக்கு ஏழாயிரம் வரை வைத்துக்கொள்ளுங்கள், இதுவும் பழையதே போதும். மிச்சத்தில் நம்பகமான கடையில் பில்லோடு ஒரு மெமரி கார்டு. அதற்கும் மேல் மிஞ்சுகிற நூறு இருநூறுக்கு இறுக்கமாக மூடுகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கி, கேமராவை அதற்குள் வையுங்கள். கூட வருகிற அழகான பை வெளியே எடுத்துப்போக மட்டும்தான்.