இரட்டை அடுக்குப் பாலத்துக்குக் கீழ டப்பா இல்ல!

ஜியோகேச் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி: ஒருத்தர் சின்ன டப்பாவுக்குள்ள தாளைச் சுருட்டி வச்சு எங்கயாவது ஒளிச்சுட்டு, இடத்தை ஜிபிஎஸ் எண்ணாச் சொல்வார். தேடி எடுக்கிறவங்க தாள்ல பேரெழுதிட்டு, இருந்த இடத்துலயே வச்சிட்டு வரணும். நான் வச்சது புதிர் வகை. நெல்லைச் சீமையைப் பத்தின கேள்விகளுக்கு விடை தெரிஞ்சாத்தான் எண் முழுசாகும். ஒரு வாரமா வந்த சந்தேகங்களுக்குப் பதில் கீழே.

அண்ணாச்சி, மேப்ல காட்டின ஜங்ஷன் இரட்டை அடுக்குப் பாலத்துக்கடியில ரெண்டு நாளாத் தேடுதேன். பூக்கார அம்மா "என்னய்யா தொலைச்சே"ன்னு கேக்காங்க.

அங்க ஒண்ணும் கிடையாது. புதிர் வகையில அந்தப் புள்ளி சும்மா அடையாளத்துக்கு. அசல் இடம் அதுலருந்து மூணு கிலோமீட்டர் சொச்சத்துக்குள்ள இருக்கணும்ங்கிறதுதான் விதி. அந்த அம்மாகிட்ட ஒரு முழம் பூவாவது வாங்கிட்டு வாங்க.

பள்ளு பாடின முக்கூடல் இன்னிக்கு எந்த ஊர், பேர்ல எத்தனை எழுத்துன்னு கேட்டிருக்கீங்க. முக்கூடல்னா அஞ்சு எழுத்துதானே?

வெட்டின குழியில நேரா விழுந்துட்டீங்க! நீங்க சொல்றது பீடிக்குப் பேர்போன முக்கூடல், நெல்லைக்கு மேற்க. பள்ளுல வர்றது தாமிரபரணியோட சிற்றாறும், கயத்தாறு பக்கமிருந்து வர்ற ஆறும் சேர்ற இடம். பாளையங்கோட்டைக்கு வடகிழக்க இருக்கிற சீவலப்பேரி. எண்ணும்போது 'ப்'பை விட்டுராதீங்க. புள்ளி வச்ச எழுத்தும் எழுத்துதான். சில பேர் ஒற்றே போடாம எழுதுறாங்க, நான் ஒற்று போடுற கட்சி.

தாமிரபரணியில அணைக்கட்டு எட்டுன்னு போட்டேன். தப்பா வருதே?

ஆத்துல எட்டு, சரி. கேள்வியில "இன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக்குள்"னு இருக்கே, தம்பி. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி. அதோட நிறுத்திக்கோங்க. மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் தூத்துக்குடி மாவட்டம், 1986லயே பிரிஞ்சு போச்சு.

அப்போ குற்றாலம்?

2019 நவம்பர் 22லருந்து தென்காசி மாவட்டம்.

பாபநாசம் அணைக்குப் பேப்பர்ல தினம் ஒரு எண் வருது. எதை எடுக்க?

அது அன்னன்னிக்கு நீர்மட்டம். நான் கேட்டது அணையோட உச்ச மட்டம்: பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. மூணையும் கூட்டி, வர்றதுல கடைசி இலக்கத்தை மட்டும் எடுங்க.

எல்லா விடையும் சரிதான் அண்ணாச்சி, ஆனா மேப் என்னைக் காட்டுக்குள்ள கொண்டு போகுது! (பாளை, கல்லூரி மாணவி)

இந்த வாரம் இதே கேள்வி மூணு பேர் கேட்டாச்சு, தங்கச்சி. நான் குடுத்தது டிகிரியும் நிமிடமும். நீங்க அதை அப்படியே தசமமா அடிச்சிருக்கீங்க. உதாரணத்துக்கு 8 டிகிரி 43.5 நிமிடம்னா 8.435 இல்ல. 43.5ஐ 60ஆல வகுத்தா 0.725, ஆக 8.725. அதே மாதிரி 77 டிகிரி 42.6 நிமிடம் 77.71. வகுக்காம அடிச்சா தென்மேற்க 40 கிலோமீட்டருக்கு மேல தள்ளி, மலைக்காட்டுல போய் நிக்கும். காட்டுக்குள்ள நான் எதுவும் வைக்கல, யாரும் ஏறிராதீங்க. இன்னொண்ணு: நிமிடத்துல மூணாவது தசம இலக்கம் ஒண்ணு மாறினா ரெண்டு மீட்டர்கூட வராது, சுத்திப் பாத்துக்கலாம். முதல் தசம இலக்கம் மாறினா 185 மீட்டர், வேற தெருவே வந்துரும்.

சுலோசன முதலியார் பாலத்து வளைவை எங்கருந்து எண்ணணும்?

1843ல கட்டினது, பதினொண்ணு வரணும். வண்டியை ஓரமா விட்டுட்டு ஆத்துக்குள்ள இறங்கி எண்ணுங்க. மேல நின்னு எட்டிப் பாத்தா பின்னால கட்டின பாலம் கண்ணைக் குழப்பும்.

ஆத்தங்கரைன்னு குறிப்பு இருக்கே, மழைக்காலத்துல வரலாமா?

தண்ணி கூடுதலா வந்தா வராதீங்க. என் முதல் டப்பா குறுக்குத்துறையில, ஒரு சுவர் இடுக்குல இருந்துச்சு. 2023 டிசம்பர் வெள்ளம் முருகன் கோயிலையே மூழ்கடிச்சப்போ, ஒரு மாத்திரை டப்பா எம்மாத்திரம்? புன்னைக்காயல் தாண்டி கடலுக்கே போயிருக்கும், பதினாலு பேரோட கையெழுத்தையும் சேத்து. புதுசை அந்த வெள்ளக்கறைக்கு ஒரு ஆள் உயரம் மேல வச்சிருக்கேன். பேனா நீங்கதான் கொண்டு வரணும், டப்பாவுக்குள்ள அதுக்கு இடம் கிடையாது.