தோட்டத்துக்குப் போன பாடம் மறுபடி தொடங்குமா?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் பாடத்தின் ஒரு பகுதியாக மாணவர்கள் தேயிலைத் தோட்டங்களில் சேவை செய்தார்கள். 2020இல் கொரோனாவால் நின்றது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக்குப் பிறகு யாரும் பேசுவதில்லை. மீண்டும் தொடங்க முடியுமா?
- மாணவி, பதுளை

பதில்: முடியும் மகள், கட்டாயம் தொடங்குங்கள். தோட்டப் பாடசாலையில் நெடுங்காலம் படிப்பித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் விரிவுரையாளர் ஒருவரைப் பிடியுங்கள். பாடத்தோடும் புள்ளியோடும் சேராவிட்டால் அது ஒருநாள் சிரமதானமாகவே முடியும். செய்ததைப் பற்றி எழுதி வகுப்பில் பேசினால்தான் படிப்பு.

அப்புறம், என்ன செய்வது என்பதை நீங்களே முடிவுசெய்யாதீர்கள். சுவருக்கு வர்ணம் பூசிப் படம் எடுத்துப் போனவர்களை லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நிறையவே பார்த்துவிட்டார்கள். தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி வாங்கினாலும், தொழிற்சங்கத் தலைவரிடமும் கொழுந்து பறிக்கும் பெண்களிடமும் கேளுங்கள். வேலைநாள் காலையில் போனால் அவர்கள் மலையில் இருப்பார்கள். மாலையில் கொழுந்தை எடைபோட்ட பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ போங்கள். பெரும்பாலும் அரசாங்கப் படிவம் நிரப்புவதுதான் அவர்களுக்குப் பிரச்சினையாக இருக்கும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13வது திருத்தம் சொல்லிவிட்டது. ஆனாலும் சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசிக்க ஆள் தேடும் தாய்மாரை நான் இன்றும் காண்கிறேன். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழைத்தால் பிள்ளையின் அடையாள அட்டைவரை இழுபடும். சிங்கள மாணவர் ஒருவரும் தமிழ் மாணவர் ஒருவருமாகச் சேர்ந்து உட்கார்ந்தால் இந்த வேலை அழகாக நடக்கும். இருவரும் மொழியும் படிப்பார்கள்.

பஸ் செலவுக்குப் பீடத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். ஒரே தோட்டத்தை எடுத்து, அடுத்த வருட மாணவர்களிடமும் அதையே ஒப்படையுங்கள்.