99 வெற்றி, 19,704 பேர்

வணக்கம் ஐயா,

டாம்பாவில் வசிக்கிறேன். கிரிக்கெட்டோடு வளர்ந்தவன். இங்கே வந்தபின் பேஸ்பால் பழகி, டாம்பா பே ரேஸ் அணியின் ரசிகனாகிவிட்டேன். 2023இல் எங்கள் அணி முதல் 13 ஆட்டங்களையும் வரிசையாக வென்றது. சீசன் முடிவில் மொத்தம் 99 வெற்றி. அக்டோபரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுடன் முதல் பிளே ஆஃப் ஆட்டம். மகளைப் பள்ளிக்கு விடுப்பு போடச் சொல்லிக் கூட்டிப் போனேன். வந்திருந்தவர்கள் 19,704 பேர்தான். கொரோனா ஆண்டை விட்டுவிட்டால், 1919க்குப் பிறகு பிளே ஆஃப் ஆட்டம் எதற்கும் இவ்வளவு குறைவாகக் கூட்டம் வந்ததில்லையாம். சேப்பாக்கத்தில் டிக்கெட்டுக்காக விடிய விடிய நின்றவன் நான், மனது ஆறவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு நன்றியே கிடையாதா? ரசிக்கத் தெரிந்த வேறு ஊருக்கு இந்த அணி போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர், டாம்பா

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் பழியை ஊர்க்காரர்கள் தலையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் பார்த்த அந்த ஆட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கியது. உங்கள் மகளே பள்ளிக்கு விடுப்பு போட்டுத்தான் வர முடிந்தது. மணிக்கணக்கில் கூலி வாங்குகிற ஒருவர் அந்த நேரத்தில் எப்படி வருவார்?

அரங்கம் இருக்கும் இடமும் உங்களுக்குத் தெரியும். டிராப்பிகானா ஃபீல்ட் டாம்பாவிலேயே இல்லை. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. மாலை நெரிசலில் தண்ணீருக்கு மேலே போகிற அந்த நீண்ட பாலத்தைக் கடந்து ஏழு மணி ஆட்டத்துக்குப் போக வேண்டும், முடிந்ததும் அதே பாலத்தில் திரும்ப வேண்டும். சேப்பாக்கத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஐ.பி.எல். லீக் சுற்றில் ஓர் அணி சொந்த மைதானத்தில் ஆடுவது ஏழு ஆட்டங்கள். பேஸ்பாலில் 81. ஏழு ஆட்டங்களுக்கு விடிய விடிய நிற்கலாம். 81 மாலைகளை யாரால் ஒதுக்க முடியும்? வராதவர்கள் எல்லோரும் அக்கறையற்றவர்களும் அல்ல. உள்ளூர் டிவியில் இந்த அணியை நல்ல எண்ணிக்கையில் மக்கள் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள்.

2010இல் நடந்ததைச் சொல்கிறேன். செப்டம்பர் 27 அன்று வென்றால் பிளே ஆஃப் உறுதி என்ற நிலை. வந்தவர்கள் 12,446 பேர். அணியின் நட்சத்திரங்களான ஈவன் லொங்கோரியாவும் டேவிட் பிரைஸும் தங்கள் மனக்கசப்பை வெளிப்படையாகவே சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து, சொந்த மண்ணில் சீசனின் கடைசி ஆட்டத்துக்கு நிர்வாகம் 20,000 டிக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தது. அன்று அரங்கம் நிரம்பியது: 36,973 பேர். நன்றியில்லாத ஊர் இலவசம் என்றாலும் வந்திருக்காது. வேலையிழப்பும் வீட்டுக்கடன் நெருக்கடியும் ஃபுளோரிடாவை வாட்டிக்கொண்டிருந்த காலம் அது.

ஆனாலும் தூரமும் காசும் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. 1998இல் பிறந்த அணி இது. முதல் பத்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் 90க்கு மேல் தோல்வி. ஒரே ஓர் ஆண்டு தவிர எப்போதும் பிரிவில் கடைசி இடம். நியூயார்க்கிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் குடிபெயர்ந்து வந்தவர்கள் தங்கள் அப்பாவின் அணியைக் கையோடு கொண்டுவந்தார்கள். நியூயார்க்கின் யாங்கீஸ் அணி பல ஆண்டுகளாக டாம்பாவிலேயே, சீசனுக்கு முந்தைய வசந்தகாலப் பயிற்சியை நடத்துகிறது. 2024 அக்டோபரில் மில்டன் புயல் டிராப்பிகானாவின் கூரையைக் கிழித்துப் போட்டபோது, அடுத்த சீசனை ரேஸ் அணி ஆட நேர்ந்தது அந்த யாங்கீஸின் மைதானத்தில், யாங்கீஸ் முதலாளியாக இருந்த ஸ்டைன்பிரென்னரின் பெயர் தாங்கிய மைதானத்தில்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறொன்று. 2008இல் சுமார் 4.4 கோடி டாலர் சம்பளச் செலவில், 20 கோடிக்கு மேல் கொட்டிய யாங்கீஸைப் பின்னுக்குத் தள்ளி, இந்த அணி சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் வரை போனது. அந்தச் சாமர்த்தியத்தை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதன் வழி என்ன? இளைஞர்களைக் கண்டெடுத்து வளர்ப்பது, விலை ஏறியதும் கைமாற்றிவிட்டு அடுத்த இளைஞர்களை வாங்குவது. தோல்விக் காலத்திலும் உழைத்த கார்ல் கிராஃபோர்டைத் தக்கவைக்கப் பணமில்லை. 2010 முடிந்ததும் அவர் போய்ச் சேர்ந்தது பரம எதிரியான பாஸ்டனில். 2014இல் பிரைஸ் போனார். 2020இல் உலகத் தொடர் முடிந்த இரண்டே மாதத்தில் பிளேக் ஸ்னெல் போனார்.

லொங்கோரியா போனதுதான் கொடுமை. 2011 செப்டம்பர் 28, சீசனின் கடைசி நாள், எதிரே யாங்கீஸ். எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 7-0 என்று பின்தங்கியிருந்தார்கள். அந்த இன்னிங்ஸில் ஆறு ரன். வழக்கமாக ஆட்டம் முடிகிற ஒன்பதாவதில் இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட், மூன்று அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடிந்தது). இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் எல்லாம் முடிந்தது. பேட்டோடு நின்றவர் டான் ஜான்சன், அந்த சீசனில் சராசரி .108 மட்டுமே, அதாவது பத்து முறை ஆடினால் ஏறக்குறைய ஒரு முறைதான் வெற்றிகரமாக அடித்தவர். அவர் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல) அடித்துச் சமன் செய்தார். அதே பிளே ஆஃப் இடத்துக்குப் போட்டியிட்ட பாஸ்டன் பால்டிமோரில் தோற்ற சில நிமிடங்களில், பன்னிரண்டாவது இன்னிங்ஸில் லொங்கோரியா அடித்த பந்து இடது மூலையின் தாழ்ந்த சுவரைத் தாண்டியது. பிளே ஆஃப் இடம் கிடைத்தது. அந்த இரவைப் பார்த்த ஒரு பத்து வயதுச் சிறுவன் ஆயுளுக்கும் ரேஸ் ரசிகனாக இருக்க வேண்டியவன். அவனுக்குப் பதினாறு வயதாகும்போது லொங்கோரியாவை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். வெற்றிக் கணக்கு அதனால் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அந்தப் பையன் இனி யாருடைய பெயர் போட்ட சட்டையை வாங்குவான்?

ஊர் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறீர்கள். கனடாவின் மாண்ட்ரியாலைப் பாருங்கள். 1994இல் எக்ஸ்போஸ் அணி 74 வெற்றி, 40 தோல்வியோடு எல்லா அணிகளுக்கும் மேலே நின்றது. ஆகஸ்டில் வீரர்களின் வேலைநிறுத்தம் வந்து சீசனே நின்றுபோனது. மறு வசந்தத்தில் செலவைக் குறைக்க நிர்வாகம் முன்னணி வீரர்களை வரிசையாகக் கைகழுவியது. கூட்டம் கரைந்தது. 2004 சீசன் முடிந்ததும் அணி வாஷிங்டனுக்குப் போய்விட்டது. பாதி சீசனை அதே மாண்ட்ரியாலில் ஆடலாம் என்று ரேஸ் நிர்வாகம் 2019இல் ஒரு திட்டம் கொண்டுவந்ததே, நினைவிருக்கிறதா? பாதி அணியை யார் தன் அணி என்று சொல்வார்கள்? 2022 ஜனவரியில் அது கைவிடப்பட்டபோது நான் மகிழ்ந்தேன்.

அணி அங்கேயே இருக்கட்டும். வேறு ஊரிலிருந்து அணியைச் சுமந்து வராத முதல் தலைமுறை அங்கே இப்போதுதான் வளர்கிறது. உங்கள் மகளும் அதில் ஒருத்தி. அவளுக்குப் பிடித்த வீரர் யார் என்று கேட்டு எழுதுங்கள். அவரைப் பத்து வருடமாவது விற்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் நிர்வாகத்திடம் என் கோரிக்கை.

அன்புடன்