ஊர் சுற்றுவோம்: மலாக்காவுக்கு மூன்று நாள்

போன இதழின் கடைசியில் "அடுத்து மலேசியாவில் இருக்கும் மலாக்கா பற்றி எழுதப் போகிறேன், கேட்க வேண்டியதைக் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். கடிதங்களில் பாதிக்கு மேல் கடலூர், பாண்டிச்சேரி பக்கத்திலிருந்துதான். புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்தது கடலூர் முதுநகர். அப்பா கைலிக் கடை வைத்திருந்தார். இப்போது முத்தியால்பேட்டையில் தையலும் ஆரி வேலையும் சொல்லித் தருகிறேன். மலாக்காவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டுமே கையைக் கடிக்காத செலவில்.

நானும் என் நாத்தனாரும் ஒரு வார இறுதிக்கு வெளிநாடு போய்வர ஆசைப்படுகிறோம். ஆளுக்கு 30,000 ரூபாய்க்கு மேல் முடியாது. பழைய வீடுகள், அங்கே குடியேறிய சீனர் வழிவந்த பெரனாக்கன் மக்களின் உடைகள் இதெல்லாம் பார்க்க ஆசை. மலாக்கா சரிப்படுமா?
வாசகி, கூத்தப்பாக்கம், கடலூர்

நன்றாகச் சரிப்படும். வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் போதும். வியாழன் மதியம் கடலூரில் சென்னை பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து விமான நிலையம். இரவு விமானத்தில் கோலாலம்பூர் நாலு மணி நேரம். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் இறங்கும்போது விடிந்திருக்கும். கோலாலம்பூர் ஊருக்குள் போகவே போகாதீர்கள். இதுதான் நான் சொல்லும் முதல் சிக்கனம். விமான நிலையத்திலிருந்தே மலாக்கா சென்ட்ரலுக்கு நேர் பஸ் இருக்கிறது. இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம். பஸ் நிலையத்திலிருந்து பழைய ஊருக்கு 17ஆம் எண் டவுன் பஸ். இரண்டு பேர் என்றால், ஓலா மாதிரி ஆப்பில் கூப்பிடும் கிராப் காரே கட்டுப்படியாகும்.

விசா வேண்டாம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறார்கள். இந்தச் சலுகை 2026 இறுதி வரை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எனக்கு ஆன கணக்கைச் சொல்கிறேன். இரண்டரை மாதம் முன்னாலேயே டிக்கெட் போட்டதால் போக வர 14,500 ரூபாய். கைப்பை ஏழு கிலோவோடு நிறுத்திக்கொண்டேன். அறை இரண்டு பேருக்கு ஓர் இரவு 120 ரிங்கிட், அதோடு வெளிநாட்டவருக்கு அறைக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. அப்போது ஒரு ரிங்கிட் சுமார் 20 ரூபாய். சாப்பாடு, பஸ், அருங்காட்சியகம் எல்லாம் சேர்த்து 23,000 ரூபாய்க்குள் முடிந்தது. மிச்சம் உங்கள் ஷாப்பிங்குக்கு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மலாக்கா சென்ட்ரலில் இறங்கியதும், அங்கிருந்து நகர்வதற்கு முன்னாலேயே ஞாயிற்றுக்கிழமை திரும்பும் பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கிவிடுங்கள். வார இறுதிக்கு கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊரே திரண்டு வருகிறது. முதல் தடவை நான் ஞாயிறு மதியம் போய் நின்றேன், வரிசையாக எல்லா பஸ்ஸும் நிறைந்துவிட்டது. மாலை கிடைத்த பஸ்ஸில் ஏறி, விமான நிலையத்தில் ஓடிப்போய் விமானம் பிடித்தேன். அந்தப் படபடப்பு உங்களுக்கு வேண்டாம்.

திண்ணை வீடும் பிரெஞ்சுக்காரன் வீதியும் நம் ஊரிலேயே இருக்க, அதைப் பார்க்க எதற்குக் கடல் தாண்ட வேண்டும்?
வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

நியாயமான கேள்வி. வைசியாள் வீதியில் தெருப்பக்கம் தாழ்வாரம் இறக்கி, வழிப்போக்கனுக்கு நிழல் கொடுத்துக் கட்டிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். மலாக்காவில் அதற்குக் 'காக்கி லிமா' என்று பெயர், ஐந்தடி என்று அர்த்தம். கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி அகலத்துக்குக் கூரை போட்ட நடைபாதை. வாசல் குறுகல், உள்ளே போகப் போக ரயில் பெட்டி மாதிரி நீளம், நடுவில் வெயிலும் மழையும் இறங்கும் முற்றம். ஹீரன் தெருவில் 8ஆம் எண் வீடு 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். இலவசமாகப் பார்க்கலாம். பூச்சு, செங்கல், மரச்சட்டம் எல்லாவற்றையும் எப்படிப் பழுது பார்த்தார்கள் என்று அங்கேயே விளக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பழைய வீட்டை இடிக்க யோசிக்கும் யாராவது இருந்தால் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

அதே தெருவில் பாபா நியோன்யா அருங்காட்சியகம். சீனாவிலிருந்து வந்து இந்த ஊரில் குடும்பமாகி, மலாய்ப் பேச்சும் சமையலும் தமதாக்கிக்கொண்டவர்களின் வழிவந்த ஆண்கள் பாபா, பெண்கள் நியோன்யா. பெரனாக்கன் என்றால் இந்த மண்ணில் பிறந்தவர் என்று பொருள், 'அனாக்' என்றால் பிள்ளை. இங்கே மாடி அறைத் தரையில் ஒரு சின்னத் துளை இருக்கிறது, கீழே வாசலில் யார் வந்து நிற்கிறார்கள் என்று மேலிருந்தே பார்க்க. நான் குனிந்து பார்த்தேன். அடுத்த குழுவில் வந்த ஒரு பெண்ணின் தலை வகிடு தெரிந்தது. வெளியே போகாமலேயே வளர்ந்த பெண்களுக்கு உலகம் இவ்வளவுதான் தெரிந்திருக்குமோ என்று அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. இங்கே டிக்கெட் வாங்கத்தான் வேண்டும், யோசிக்காமல் கொடுங்கள்.

செந்நிற டச்சுச் சதுக்கம், 1753இல் கட்டி முடித்த தேவாலயம், போர்த்துகீசியர் 1511இல் ஊரைப் பிடித்த பிறகு எழுப்பிய கோட்டையில் மிஞ்சிய ஒற்றை வாயில், இவற்றுக்கு ஒரு காலை நேரம் போதும். வெயில் ஏறுமுன் போங்கள்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?
வாசகி, சிதம்பரம்

பட்டினி கிடக்க வேண்டாம், கவனம் மட்டும் வேண்டும். நியோன்யா சமையலில் 'பெலாச்சான்' என்ற இறால் விழுது பல குழம்பிலும் சம்பலிலும் இருக்கும். கீரைப் பொரியல் என்று நினைத்து வாங்கினால் அதிலும் இருக்கும். லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பைத் தொடாதீர்கள். மதியத்துக்குத் தமிழர் கடைகளில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். சீனர்களின் சைவக் கடைகளும் உண்டு.

இனிப்பில்தான் உங்களுக்கு விருந்து. செண்டோல் என்று ஒரு குளிர் பானம். அரைத்த ஐஸ், தேங்காய்ப்பால், பாண்டான் இலைச் சாறு சேர்த்த பச்சை நிறச் சேமியா மாதிரி ஒன்று, மேலே 'குலா மெலாக்கா' என்ற தென்னை வெல்லப் பாகு. நம் கருப்பட்டியை நினைவுபடுத்தும், ஆனால் கொஞ்சம் புகை வாசம் கூட. அப்புறம் புட்டு பிரிங். இதை மாலையில் தெங்கேரா பக்கம் சாப்பிட்டேன். சின்ன அச்சில் அரிசி மாவு, நடுவில் குலா மெலாக்கா, மறுபடி மாவு, ஆவியில் இரண்டே நிமிடம். தட்டில் தேங்காய்த் துருவலோடு தருகிறார்கள். பிட்டதும் உள்ளிருந்து வெல்லம் உருகி விரலில் வழிகிறது. பெயரைப் பாருங்கள், புட்டு. இதை வாங்க அவர்களிடம் தமிழ் பேசத் தேவையே இல்லை.

மலாக்கா செட்டிகள் நம் கடற்கரையிலிருந்து போனவர்கள் என்கிறார்களே, உண்மையா? தமிழ் பேசுவார்களா? நாம் போனால் பேசுவார்களா?
வாசகர், பரங்கிப்பேட்டை

பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் இதைக் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். பரங்கிப்பேட்டையிலிருந்தும் எங்கள் தேவனாம்பட்டினத்திலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் துணி மூட்டை மூட்டையாக மலாக்காவுக்குப் போன காலம் ஒன்று இருந்தது. அதற்கும் முன்னால், 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தான்கள் ஆண்டபோதே சோழமண்டலக் கரை வணிகர்கள் அங்கே தங்கி, அந்த ஊர்ப் பெண்களை மணந்துகொண்டார்கள். அவர்களின் வழிவந்தவர்கள்தான் மலாக்கா செட்டிகள். பிற்காலத்தில் போன நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறு, இவர்கள் வேறு.

டச்சுக்காரர்கள் காலத்தில், 1781இல், இவர்கள் கட்டியது பொய்யாத விநாயகர் கோயில். மலேசியாவில் இன்றும் பூசை நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. அதே வரிசையில் 1748இல் எழுந்த பள்ளிவாசலும், செங் ஹூன் தெங் என்ற சீனக் கோயிலும். அந்தப் பள்ளிவாசல் பெயரில் 'கிளிங்' என்ற சொல் இருக்கிறது. கலிங்கத்திலிருந்து வந்த பழைய சொல் என்பார்கள். இன்று அங்குள்ள தமிழர்களுக்கு அது வசைச்சொல், வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் சுமாரில் காஜா பெராங் என்ற இடத்தில் செட்டி கிராமம் இருக்கிறது. சின்ன அருங்காட்சியகம், சில கோயில்கள், சில வீதிகள், அவ்வளவுதான். நான் போனபோது ஒரு வீட்டு நிலையில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. கொடியில் கட்டம் போட்ட கைலி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அப்பா கடையில் குறிஞ்சிப்பாடிக் கைலியைப் பிரித்து உதறும் சத்தம் எனக்குக் காதில் கேட்டது. அப்படியே நின்றுவிட்டேன். உள்ளிருந்து ஒரு பாட்டி வந்தார். கைலி மாதிரி சாரோங், மேலே கெபாயா என்ற சட்டை, நெற்றியில் பொட்டு. எனக்குத் தெரிந்த முகம் மாதிரியே இருந்தது. நான் தமிழில் வணக்கம் சொன்னேன், அவர் கைகூப்பிவிட்டு மலாயில் பதில் சொன்னார்.

தமிழ் அவர்கள் வீட்டு மொழி இல்லை. பல தலைமுறையாக மலாய்தான். "ஏன் தமிழை விட்டுவிட்டீர்கள்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எங்களோடு வந்த ஒருவர் கேட்டார், பாட்டியின் பேத்தி முகம் சுருங்கியதைப் பார்த்தேன். விட்டதைப் பற்றிக் கேட்கிறோமே, 500 வருடமாக விடாததைப் பார்க்க வேண்டாமா? போகியன்று வாழையிலை போட்டு, முன்னோருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையல் வைப்பார்களாம். பேத்தி ஆங்கிலத்தில் விளக்க விளக்க, பாட்டி இலை போடும் விதத்தைக் கையால் தரையில் வரைந்து காட்டினார். பழம் வரும் காலத்தில் பழங்களை வைத்து இன்னொரு படையல். என் பாட்டி தாத்தாவுக்குப் படைக்கும்போது நாங்கள் யாரும் சத்தம் போடக் கூடாது. அந்த நினைவு எனக்கு அங்கே வந்தது.

பேச்சுக்கு வழி தானாகவே கிடைத்தது. மூலையிலிருந்த பெட்டியைக் காட்டி நான் "பெட்டி" என்றேன், பாட்டி "பெத்தி" என்றார். கடை அங்கே 'கெடாய்', கப்பல் 'காப்பல்', ஆப்பம் 'அப்பம்'. அரை மணி நேரம் இப்படியே போயிற்று. இரண்டாம் முறை போனபோது அவருக்கு ஒரு குறிஞ்சிப்பாடிக் கைலி கொண்டு போனேன். விரித்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். துணி தெரிந்த கை அது.

அது மக்கள் குடியிருக்கும் வீதி என்பதை மனதில் வையுங்கள். கேட்காமல் வாசலில் போட்டோ எடுக்காதீர்கள். முதலில் அருங்காட்சியகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு நடப்பது நல்லது.

கெபாயாவும் மணி வைத்த செருப்பும் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
வாசகி, முத்தியால்பேட்டை

இது என் துறை என்பதால் விரிவாகவே சொல்கிறேன். நியோன்யா கெபாயா மெல்லிய வாயில் (voile) துணியில் தைத்தது. முன்பக்கம் பொத்தான் கிடையாது, சங்கிலியில் கோத்த மூன்று ஊசிப்பதக்கங்களால் பிணைப்பார்கள், அதற்குக் 'கெரோசாங்' என்று பெயர். 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் கெபாயா சேர்ந்தது. வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்து வேலைப்பாட்டில் துணியை வெட்டி, சுற்றி நூலால் அடைத்திருப்பார்கள். பின்பக்கம் நூல் தொங்காமல் முன்பக்கம் மாதிரியே இருந்தால் நல்ல கை. தெரு மேசைகளில் மலிவாகக் கிடப்பது பெரும்பாலும் அச்சடித்த துணி.

மணிச் செருப்பு இன்னும் நுணுக்கம். நாம் ஆரிக்குத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறோமே, அதே மாதிரி கட்டி, ஒரு தையலுக்கு ஒரு கண்ணாடி மணி. கடுகைவிடச் சின்ன மணி. ரோஜாவின் ஒரு இதழுக்கே ஐந்து விதச் சிவப்பு எண்ணினேன். கடைக்கார அம்மா ஒரு ஜோடிக்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார், எனக்கு ஆச்சரியமில்லை. அசல் பல நூறு ரிங்கிட். சிக்கனப் பயண பட்ஜெட்டில் வராது, பேரம் பேசி அந்த அம்மாவின் உழைப்பைக் குறைக்கவும் வேண்டாம். நான் வாங்கியது பாதி வேலை முடிந்த ஒரு சின்னத் துண்டு. வகுப்பில் மாட்டி வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள்.

எழுபது வயது அம்மாவை அழைத்துப் போகலாமா?
வாசகர், நெல்லிக்குப்பம்

போகலாம். செயின்ட் பால் குன்றுக்குப் படி ஏற வேண்டும், அதை மட்டும் அவருக்கு விட்டுவிடுங்கள். புனித சவேரியார் உடல் 1553இல் கோவாவுக்குப் போகுமுன் அங்கேதான் சில மாதங்கள் இருந்தது. நீங்கள் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம். ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில். சனிக்கிழமை நெரிசலில் அம்மாவால் நிற்க முடியாது, வெள்ளிக்கிழமை இருட்டும் முன்பே போய்விடுங்கள். நல்ல செருப்பும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள், பிற்பகலில் திடீரென்று மழை கொட்டும்.