பிறந்த வீட்டுப் பெயர்வெளி

வணக்கம் ஐயா,

ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களை மின்னூலாக்கி வருகிறேன். பெயர்வெளி (நேம்ஸ்பேஸ், ஒரு டேக் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று சொல்லும் அடையாளம்) எதுவும் இல்லாத எளிய எக்ஸ்எம்எல் கோப்புகளை, எக்ஸ்எம்எல்லை வேறு வடிவாக்கும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி 1.0 கொண்டு, பிரவுசர் படிக்கும் எக்ஸ்ஹெச்டிஎம்எல் ஆக்குகிறேன். கட்டுரை ஒழுங்காக வருகிறது. அடிக்குறிப்புகளில் மட்டும் ஒவ்வொரு 'பி' (பத்தி) டேகிலும் 'பெயர்வெளி இல்லை' என்று பொருள்படும் எக்ஸ்எம்எல்என்எஸ்="" ஒட்டிக்கொள்கிறது; பிரவுசரில் பத்தி பிரியாமல் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடுகிறது. அடிக்குறிப்பு டெம்ப்ளேட்டுகளை (மாற்றும் விதிகளை) தனிக் கோப்பில் வைத்து இன்க்ளூட் செய்திருக்கிறேன். 'எக்ஸ்க்ளூட்-ரிசல்ட்-பிரிஃபிக்ஸஸ்' போட்டும் பயனில்லை. இப்போதைக்கு எடிட்டரில் தேடித் தேடி அழிக்கிறேன். வேறு வழி உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அழிப்பதை நிறுத்துங்கள். நானும் அழித்தவன்தான். எக்ஸ்எம்எல் பற்றிய பாடப்புத்தகம் ஒன்றை மாற்றும்போது, எக்ஸ்எம்எல்என்எஸ்="" என்றால் என்ன என்று விளக்கும் பத்தியிலிருந்தும் அதைத் துடைத்துவிட்டேன். எழுவாயே இல்லாமல் அந்த வாக்கியம் அச்சுக்குப் போனது.

உங்கள் 'பி' புகுந்த வீட்டின் பெயர்வெளியை ஏற்காது. பிறந்த வீட்டுடையதைத்தான் சுமந்து வரும். டெம்ப்ளேட்டில் நீங்கள் எழுதும் டேகின் பெயர்வெளி, அது எழுதப்பட்ட கோப்பில் அந்த இடத்தில் எந்த அறிவிப்பு செல்லுபடியாகிறதோ அதுதான். வெளியீட்டில் எந்த 'பாடி'க்குள் போய் உட்காருகிறது என்பது கணக்கில் வராது. முதன்மைக் கோப்பின் தலையில் எக்ஸ்ஹெச்டிஎம்எல் அறிவிப்பு இருக்கிறது. அதனால் கட்டுரை தப்பித்தது. இன்க்ளூட் செய்த கோப்புக்கு அந்த அறிவிப்பு எட்டாது. பெயர்வெளி இல்லாமல் பிறந்த 'பி', பெயர்வெளி உள்ள தாய் உறுப்புக்குள் வரும்போது, 'நான் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை' என்று, மாற்றத்தை நடத்தும் ப்ராசஸர் உண்மையை எழுதிவைக்கிறது. பிரவுசருக்கும் அது பத்தி இல்லை, பெயர் தெரியாத ஏதோ ஒரு டேக்.

ஆகவே அதே அறிவிப்பை அடிக்குறிப்புக் கோப்பின் ஸ்டைல்ஷீட் டேகிலும் போடுங்கள். ஒரு வரி வேலை. 'எக்ஸ்எஸ்எல்:ஆட்ரிபியூட்' கொண்டு எக்ஸ்எம்எல்என்எஸ்ஸைச் செருகப் பார்க்காதீர்கள், அது பிழை. நீங்கள் முயன்ற 'எக்ஸ்க்ளூட்' தேவையில்லாமல் தொற்றிக்கொண்டு வரும் அறிவிப்புகளை மட்டுமே தடுக்கும். இங்கே தொற்றியது எதுவும் இல்லை, இல்லாததுதான் சிக்கல்.

இதைச் செய்த பிறகும் சாய்வெழுத்து வரும் இடங்களில் அந்த எக்ஸ்எம்எல்என்எஸ்="" தலைகாட்டினால், அங்கே 'காப்பி-ஆஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். அது மூலத்தில் உள்ள 'ஐ' டேகை அப்படியே, பெயர்வெளி இல்லாமலே, தூக்கிவரும். அதற்குப் பதில் 'அப்ளை-டெம்ப்ளேட்ஸ்' போட்டு, 'ஐ'க்கு ஒரு டெம்ப்ளேட் எழுதி, உள்ளே புதிய 'ஐ' ஒன்றை நீங்களே உருவாக்குங்கள். 1.0இல், டெம்ப்ளேட் எந்த உறுப்புக்கு என்று சொல்லும் 'மேட்ச்' பகுதியில் முன்னொட்டில்லாமல் எழுதும் பெயர் பெயர்வெளியற்ற உறுப்பை மட்டுமே குறிக்கும். தலையில் போட்ட அறிவிப்பு அதைத் தொடாது. உங்கள் மூலத்துக்கு அது வசதி. மூலமே எக்ஸ்ஹெச்டிஎம்எல்லாக இருந்திருந்தால் ஒரு டெம்ப்ளேட்டும் பொருந்தியிருக்காது, அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பீர்கள். 2007இல் வந்த 2.0 அதற்கென்றே, முன்னொட்டில்லாத பெயர்களுக்கு ஒரு பெயர்வெளியைக் குறிக்கும் 'எக்ஸ்பாத்-டிஃபால்ட்-நேம்ஸ்பேஸ்' தந்தது. உங்களுக்கு இப்போது அது வேண்டாம். போட்டால் பொருந்துவதும் பொருந்தாமல் போகும்.

கையால் அழித்த இதழ்களை மூலத்திலிருந்து மறுபடி ஓட்டிவிடுங்கள்.