உருளைக்கிழங்கு சாலட்டும் சர்க்கரைப் பொங்கலும்

கேள்வி: மேற்படிப்புக்காக ஜெர்மனி வந்து மூன்று மாதம் ஆகிறது. என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் ஜெர்மன் தோழி, கிறிஸ்துமஸுக்குத் தன் பெற்றோர் வீட்டுக்கு வரச்சொல்லி அழைக்கிறாள். நான் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். "நல்ல நாளில் அடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் சங்கடம் கொடுக்காதே" என்கிறார் அம்மா. போகலாமா?
– வாசகி, டோர்ட்முண்ட்

பதில்: கட்டாயம் போ. உன் வயதில் எனக்கு ஒரு மகள் இருப்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

நான் உனக்குப் பக்கத்து ஊரான ஹாமில் பதினோரு வருடம் குடியிருந்தவள். முதல் டிசம்பர் 24 அன்று, நான்கு மணிக்குப் பால் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு மணிக்கே கடைகளை அடைத்துவிட்டார்கள். 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. தெருவில் ஆளே இல்லை. எல்லா ஜன்னல்களிலும் விளக்கு. திரும்பி வந்து அழுதுகொண்டிருந்தபோது மேல்மாடிப் பாட்டியம்மா கதவைத் தட்டி, சாப்பிட வா என்றார். கூச்சத்தில் "சாப்பிட்டுவிட்டேன்" என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பொய் இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் உன்னிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அம்மாவின் தயக்கம் நியாயமானது. ஆனால் ஒன்றை அவருக்கு எடுத்துச் சொல். 24 மாலை அங்கே குடும்பத்துக்கென்றே உள்ள பொழுது. மரத்தடியில் வைத்த பரிசுகளை அன்றுதான் பிரிப்பார்கள். நம் வீட்டுத் தீபாவளி விடியலில், தலைக்கு எண்ணெய் வைக்கும் நேரத்தில் ஒருவரை உள்ளே அழைத்து உட்காரவைப்பது போன்றது அது. ஒப்புக்காக யாரும் அப்படி அழைக்கமாட்டார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நீ வாய் திறந்து பேச வேண்டும். அங்கே சைவம் என்றால் முட்டையும் அதில் சேர்த்தி. பல வீடுகளில் அன்று இரவு உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும்தான். சாசேஜை ஒதுக்கிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதே. வடக்கே அந்தச் சாலட்டில் முட்டை கலந்த மயோனைஸ் சேரும். தெற்கே பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த சாற்றை ஊற்றிப் பிசறுவார்கள். மறுநாள் வாத்துக்குத் துணையாக வரும் சிவப்பு முட்டைக்கோஸைக்கூடச் சில வீடுகளில் வாத்துக் கொழுப்பில்தான் வதக்குகிறார்கள். இதையெல்லாம் மேசையில் உட்கார்ந்து கேட்டால் அந்தத் தாய்க்கு மனம் நோகும். ஒரு வாரம் முன்பே தோழியிடம் சொல்லிவிட்டால், வெந்த கிழங்கில் உனக்கென்று ஒரு பங்கை முன்கூட்டியே எடுத்துவைப்பார். அவருக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

நீயும் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு போ. உனக்கு மட்டும் ஒரு டப்பாவில் கட்டிக்கொண்டு போகாதே. அதுதான் அவர்களுக்குச் சங்கடம். எல்லோருக்கும் போதுமான அளவு எலுமிச்சை சாதம் கிளறு. மிளகாயைக் குறைத்துக்கொள். பெருங்காயத்தைக் குறைக்காதே, அது இல்லாமல் எலுமிச்சை சாதம் எதற்கு? சொன்ன நேரத்துக்குப் போய் நில். வாசலில் செருப்பைக் கழற்றும் பழக்கம் அங்கேயும் பல வீடுகளில் உண்டு.

அப்புறம், பொங்கலுக்கு அவர்களை நீ அழைக்க வேண்டும். வேலை நாளில் வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள். ஜனவரியில் அங்கே சூரியன் எட்டரை மணி வாக்கில்தான் எழுகிறான். விடியலில் பொங்கல் வைக்க, இருட்டோடு எழுந்து யாரையும் அலைக்கழிக்க வேண்டியதில்லை; விருந்தாளிகளும் நிதானமாக வந்து சேரலாம். ஈழத் தமிழர் கடைகளில் பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு எல்லாம் கிடைக்கும். ஒரு நாள் ஹாமுக்கு வந்து காமாட்சி அம்மன் கோயிலையும் பார்த்துவிட்டுப் போ. 2002-இல் குடமுழுக்கு நடந்த கோயில், ஈழத் தமிழர்கள் எழுப்பியது.

உன் வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு என்றால் பித்தளைப் பானை சூடாகாது. காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். கண்ணாடி மேல்தளம் உள்ள அடுப்பில் வெல்லப் பாகு வழிந்து காய்ந்தால் தளமே பொத்துப்போகும். அதனால் வெறும் பாலை முதலில் பொங்கவிட்டு, வழிந்ததைத் துடைத்துவிட்டு, அதன்பிறகு அரிசி, கடைசியில் வெல்லம். நம் முறையும் அதுதானே. பொங்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்பே அவர்களுக்குச் சொல்லிக்கொடு. என் மேல்மாடிப் பாட்டியம்மா இரண்டாம் வருடத்திலிருந்து "பொங்காலோ பொங்கால்" என்று என்னைவிட உரக்கக் கூவுவார். அவருடைய கரண்டி ஒன்று இன்னும் என் சமையலறையில் இருக்கிறது.

கேள்வி: நண்பர்களோடு ஹோட்டலுக்குப் போனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பணம் கட்டுகிறார்கள். இது நட்பா?
– வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: நட்புதான், தம்பி. "சேர்த்தா, தனித்தனியா?" என்று பரிமாறுபவரே கேட்பது அந்த ஊர் வழக்கம். நீங்கள் கட்ட விரும்பினால் உட்காரும்போதே "இன்று என் செலவு" என்று சொல்லிவிடுங்கள். பில் வந்தபிறகு பிடுங்காதீர்கள். அவர்களுக்கு அது சண்டை போலத் தெரியும். அதைவிட, ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்துத் தோசை ஊற்றிப் போடுங்கள். அங்கே யாரும் பில் கேட்கமாட்டார்கள்.